மூணாம் நம்பர் டம்ளரில் புகை

எனக்கு மூக்கு இல்லை. முகத்தில் என்னவோ இருக்கிறது, எடுப்பான மூக்கு என்றுகூடச் சொல்வார்கள். கண்ணாடி நிற்பதற்கு அது போதும். மற்றபடி அது செத்து நாலு மாம்பழ சீசன் ஆகிறது. ஊரே காய்ச்சலில் படுத்த காலத்தில் நானும் பதினோரு நாள் படுத்தேன். எழுந்து வந்து ரசத்தைக் குடித்தால் சுடுதண்ணீர். சோப்பை மோந்தால் கல். "வந்துடும் வந்துடும்" என்று எல்லோரும் சொன்னார்கள். அவரவர்க்கு வந்தும் விட்டது. எனக்கு மட்டும் வரவில்லை.

இது ஒரு டிரைவருக்கு வந்திருந்தால் டீசல் வாடையிலிருந்து தப்பித்தோம் என்று சந்தோஷப்பட்டிருப்பான். கணக்குப்பிள்ளைக்கு வந்திருந்தால் அவனுக்கே தெரிந்திருக்காது. வந்தது எனக்கு. நான் பார்க்கும் வேலை என்ன தெரியுமா? மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் கூழை மோந்து பார்த்து, ருசி பார்த்து, "நல்ல மணம்" என்று தாளில் எழுதிக் கொடுப்பது. கெரகம் பிடித்தால் இப்படித்தான் விலாசம் விசாரித்துக்கொண்டு வரும்.

கூழில் சர்க்கரை எவ்வளவு என்று கருவி சொல்லிவிடும். புளிப்பையும் கருவி சொல்லிவிடும். அழுகின பழம் ரெண்டு உள்ளே போய்விட்டால் வருகிற வாடை, லேசாகப் பொங்க ஆரம்பிக்கும்போது வருகிற கள்ளு வாடை, இதையெல்லாம் எந்தக் கருவியும் சொல்லாது. அதற்குத்தான் என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக நான் சொன்னதுதான் வாக்கு. பெங்களூரா ரகம் எது, செந்தூரா ரகம் எது, அரூர் பக்கத்துத் தோப்புப் பழமா பாலக்கோட்டுத் தோப்புப் பழமா என்பதுவரை கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்று பேர். முக்கால்வாசி அந்தப் பேரை நானே பரப்பியது.

மூக்கு போன விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. பெண்டாட்டியிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும். ஐம்பத்திரண்டு வயதில், மூக்கில்லாத ருசிக்காரனை எவன் வேலைக்கு எடுப்பான்? மகள் நர்சிங் மூணாம் வருஷம் படிக்கிறாள். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். என் மேசைக்கு எதிர் மேசையில் வேலை பார்க்கும் பெண், முப்பத்தைந்து வயது, ரெண்டு பிள்ளைக்காரி. சாம்பிள் வந்ததும், "நீ மொதல்ல பாரும்மா, கத்துக்கணுமில்ல" என்று கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளுவேன். அவள் மோந்து பார்ப்பாள். நான் அவள் புருவத்தைப் பார்ப்பேன். புருவம் சும்மா இருந்தால் "நல்ல மணம்". புருவம் சுருங்கினால் நான் ஒரு ஸ்பூன் எடுத்து, வாயில் உருட்டி, ஜன்னல் வழியாகத் தூரத்தில் பார்த்து, "ம்ஹூம். டேங்க்க நிறுத்தச் சொல்லு" என்பேன். பெரிய மேதைதான் போங்கள்.

என் தாளுக்குக் கீழே மேனேஜர் கையெழுத்து வேண்டும். அவரும் ஒரு ஸ்பூன் எடுத்து மோந்து பார்த்துவிட்டுத்தான் போடுவார். மேனேஜர் வேறு யாருமில்லை, என் மனைவியின் பெரியப்பா மகன். எனக்குப் பெரிய மச்சான். வூட்டில் அவருக்கு நான் மாப்ள, ஃபேக்டரிக்குள் எனக்கு அவர் சார். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். ஆகவே இந்த உலகத்தில் யாருக்குத் தெரியக் கூடாதோ அவர் என் மனைவி வீட்டு விசேஷம் எல்லாவற்றிலும் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

இந்த நிலைமையில்தான் மச்சினன் அமெரிக்காவிலிருந்து ஃபோன் போட்டான். மனைவியின் கூடப்பிறந்த தம்பி. ஈஸ்டருக்கு வருகிறானாம். அவனும் அவன் சம்சாரமும் ஆளுக்கு ரெண்டாக நாலு பாட்டில் கொண்டுவருகிறார்களாம். ரெண்டு ஸ்காட்ச், ரெண்டு போர்பன். ஒன்று ஸ்காட்லாந்து விஸ்கி, ஒன்று அமெரிக்கா விஸ்கி.

"குடிக்கறதுக்கு இல்ல மாமா. கம்பேர் பண்றதுக்கு. பாட்டிலக் காட்டாம ஊத்திக் குடுப்பேன். எது எதுன்னு நீங்க சொல்லணும். நம்ம குடும்பத்துல நாக்குன்னா உங்க நாக்குதான். பெரியண்ணனையும் வரச் சொல்லிட்டேன்."

"அதுக்கென்ன மாப்ள, ஜமாய்ச்சுடலாம்" என்றேன். ஃபோனை வைத்ததும் காலண்டரைப் பார்த்தேன்.

இன்னும் ஒரு மாதத்தில் சீசன் ஆரம்பம். மேனேஜர் எதிரில் உட்கார்ந்து, வாசத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றை, வாசமே தெரியாமல் நான் கண்டுபிடிக்க வேண்டும். முடியாது என்று சொல்லலாம். உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள்ளலாம். ஆனால் "மாமா பயந்துட்டாரு" என்று மச்சினன் சொல்வானே. கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே, அது மூக்கு செத்தாலும் சாகவில்லை.

சரி, பயிற்சி எடுக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தவக்காலம். எங்கள் வூட்டில் நாற்பது நாளும் கறி, குடி ரெண்டும் கிடையாது. எனவே நான் படித்துப் பாஸ் செய்ய முடிவெடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யூடியூபைத் திறந்தால், தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் கிளாசுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு பதினைந்து நிமிஷம் பேசுவார். தேன் என்பார். ஆப்பிள் என்பார். பழைய தோல் பை என்பார். ஒருநாள் ஒரு விஸ்கியில் ஆஸ்பத்திரி டிஞ்சர் வாசமும் கடல்பாசி வாசமும் வருகிறது என்று கண் கலங்கினார். காசு கொடுத்து டிஞ்சரை வாங்கிக் குடிப்பானா மனுஷன் என்று நினைத்துக்கொண்டே எழுதிக்கொண்டேன். மகள் போன வருஷம் பாதியில் விட்ட நோட்டின் பின்பக்கம் முழுக்க ஸ்காட்ச் ஒரு பக்கம், போர்பன் ஒரு பக்கம்.

கற்றதன் சாரம் இதுதான். போர்பன் பெரும்பாலும் மக்காச்சோளத்தில் காய்ச்சுவது. உள்பக்கத்தைத் தீயில் கருக்கிய புத்தம்புதுப் பீப்பாயில் ஊறவைப்பார்கள். அதனால் வனிலா, கேரமல், எரிந்த சர்க்கரை. நிறமும் சிவப்பாக இருக்கும். நல்ல ஸ்காட்ச் பார்லியில் காய்ச்சுவது. அமெரிக்காக்காரன் ஒருதரம் ஊறவைத்துக் கழித்த பீப்பாயை வாங்கிப் பல வருஷம் ஊறவைப்பார்கள். நிறம் வெளுப்பு. அதில் சில தீவுகளில் சதுப்பு நிலத்துக் கரிமண்ணை எரித்துப் பார்லியைக் காயவைப்பதால் புகை வாசம் தூக்கலாக வரும். என் மூளைக்கு ஒன்றே ஒன்றுதான் பளிச்சென்று பிடித்தது. நிறம்! சிவந்திருந்தால் போர்பன், வெளுத்திருந்தால் ஸ்காட்ச். இதற்கு மூக்கு எதற்கு? கண் போதுமே! அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

ஈஸ்டர் ஞாயிறு. கடத்தூர்ப் பக்கம் மாமனார் வூடு. காலைப் பூசை முடிந்து, எல்லோரும் வந்து, கறி வெட்டி, பின்கட்டில் விறகடுப்பில் பிரியாணி ஏறிவிட்டது. பன்னிரண்டு மணிவாக்கில் அண்டாவைத் தட்டுப் போட்டு மூடி, மேலே தணல் அள்ளிப் போட்டு, என் மனைவி தம்முக்கு விட்டாள். பெண்கள் எல்லோரும் மாதா சிலை இருக்கிற கெபிக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவதாகக் கிளம்பினார்கள். போகும்போது அவள் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து பின்கதவை ஒட்டிப் போட்டாள்.

"நீங்க இங்க உக்காந்துக்கங்க. லேசா அடிபிடிக்கற வாசம் வந்தாலும் ஒங்களுக்குத்தான் மொதல்ல தெரியும். ஒடனே கட்டைய வெளிய இழுத்துடுங்க. மறந்துடாதீங்க."

"நான் பாத்துக்கறேன், நீ போ" என்றேன். என்னை நம்பி ஒரு அண்டா பிரியாணி. அந்த நேரத்தில் அதன் பொருள் எனக்கு உறைக்கவே இல்லை. என் கவலையெல்லாம் நாலு பாட்டிலில் இருந்தது.

நாங்கள் நாலு பேர். மாமனார், மேனேஜர் பெரிய மச்சான், மச்சினன், நான். மச்சினன் உள்ளறையில் ஊற்றிக்கொண்டு வந்து டீப்பாயில் வரிசையாக வைத்தான். எல்லாம் எவர்சில்வர் டம்ளர்! எழுபத்தெட்டில் மாமனார் கல்யாணத்துக்கு மொய்யாக வந்த, பேர் வெட்டின, கனமான எவர்சில்வர் டம்ளர். ஒவ்வொன்றின் மேலும் ஒன்று, ரெண்டு, மூணு, நாலு என்று சீட்டு ஒட்டியிருந்தான்.

"கண்ணாடி கிளாஸ் இல்லியா மாப்ள? பவுசா இருக்குமே."

"கண்ணாடின்னா கலர வெச்சுக் கண்டுபிடிச்சுடலாம் மாமா. சில்வர்ல உள்ள எல்லாம் ஒரே இருட்டு. மூக்கும் நாக்கும் மட்டும்தான் வேலை செய்யணும்" என்று சிரித்தான். படுபாவி. இவனைச் சின்ன வயதில் சைக்கிளில் வைத்து ஸ்கூலுக்குக் கூட்டிப் போனவன் நான்.

"இன்னொண்ணு. இந்த நாலுல ஒண்ணு பயங்கரப் புகை விஸ்கி. தீவுலருந்து வர்றது. அது எதுன்னு யார் சொல்றாங்களோ அவங்கதான் ராஜா."

மாமனாருக்கு முதலில் அடிப்படை விளக்க வேண்டியிருந்தது. அவருக்குத் தெரிந்தது பிராந்தி மட்டும். மச்சினன் போர்பனுக்கு மக்காச்சோளம் என்றதும் அவர் முகம் சுளித்தார்.

"ஏண்டா, நம்ம கோழிக்குப் போடற மக்காச்சோளமா? அதுக்கா ஏரோப்ளேன்ல தூக்கியாந்த?"

"ஸ்காட்ச் பார்லிப்பா."

"பார்லியா? நீர்க்கடுப்புக்குக் கஞ்சி வெச்சுக் குடிக்கறதுடா அது! ஒண்ணு கோழித் தீவனம், இன்னொண்ணு மூத்திரக் கோளாறு மருந்து. இதுல எது ஒசத்தின்னு வேற மாப்பிள்ளை சொல்லணுமாக்கும்!"

பழைய பீப்பாய் விஷயத்தை நான் எடுத்துவிட்டேன், படித்ததைக் காட்ட வேண்டாமா. "அப்ப வெள்ளைக்காரன் எச்சப் பீப்பாயில ஊறப் போட்டதத்தான் நாம ஒசத்திங்கறோமா?" என்றார்.

முதல் டம்ளர். டீ ஆற்றுகிறவன் மாதிரி சுழற்றினேன். கண்ணை மூடி மூக்கை உள்ளே விட்டேன். உள்ளே ஒன்றுமே இல்லை. எவர்சில்வரின் குளிர்ச்சி மூக்கு நுனியில் பட்டது, அவ்வளவுதான். ஒரு மடக்கு குடித்தேன். இங்கேதான் ஒன்று சொல்ல வேண்டும். மூக்கு செத்தவனுக்கு நாக்கு கொஞ்சம் கூர்மையாகிவிடுகிறது. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, துவர்ப்பு, எரிச்சல், இந்த ஆறையும் வைத்துத்தான் நாலு வருஷமாகச் சோறு தின்கிறேன். முதல் டம்ளர் மெல்லிசாக இறங்கியது. துவர்ப்பு இல்லை. புதுக்கட்டையில் ஊறினது துவர்க்காமல் போகாது. அப்படியானால் பழைய பீப்பாய்.

"ஸ்காட்ச்" என்றேன். "தேன். பச்சை ஆப்பிள். பின்னால கொஞ்சம் காஞ்ச புல்லு."

எந்த நம்பரில் எது என்று எழுதிக் கையில் வைத்திருந்த சீட்டைப் பார்த்து மச்சினன் தொடையில் தட்டினான். "கரெக்ட் மாமா!"

ரெண்டாவது டம்ளர் நுனிநாக்கைச் சுட்டது. பிறகு இனித்தது. கடைசியில் கடுக்காயைக் கடித்தது போல் பல் ஈறெல்லாம் பிடித்துக்கொண்டது. "போர்பன்! வனிலா, கேரமல், எரிஞ்ச சக்கரை." அதுவும் சரி. மேனேஜர் பெரிய மச்சான் என் தோளில் ஓங்கி அடித்தார். "பாத்தீங்களா சித்தப்பா! இது எங்க ஃபேக்டரி நாக்கு. இத வெச்சுத்தான் பொழப்பு ஓடுது!" எனக்குத் தலைகால் புரியவில்லை. மூக்கே இல்லாமல் ரெண்டு டம்ளர் தாண்டிவிட்டேனே!

அடுத்ததில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் வாசம் விரியும் என்றான் மச்சினன். எந்தத் தண்ணீர் என்று ஒரு பஞ்சாயத்து. குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வந்து மூணு நாள் ஆச்சு, குடத்தடியில் கொஞ்சம் கிடக்கிறது. போர் தண்ணீர் வேண்டியமட்டும் உண்டு. போர்பன் காய்ச்சுகிற ஊரில் சுண்ணாம்புத் தண்ணீர்தான், அதில்தான் அந்த ருசியே என்று நான் நோட்டுப் படிப்பை அவிழ்த்துவிட்டேன். மாமனார் வாயைத் திறந்து தன் பழுப்புப் பல்வரிசையைக் காட்டினார். "அம்பது வருஷம் நம்ம போர் தண்ணி குடிச்சு வந்த ருசி இது. போதுமா?" குடத்தடித் தண்ணீரையே விட்டோம்.

மூணாவது டம்ளர். இதற்குள் என் நாக்கு மரத்துவிட்டது. நாற்பது நாள் காய்ந்த வயிறு, காலையில் ரெண்டு இட்லி, அதன்மேல் ரெண்டு மடக்கு நெருப்பு. குடித்தேன். எரிந்தது. இனித்ததா துவர்த்ததா, ஒன்றும் பிடிபடவில்லை. இன்னொரு மடக்கும் குடித்துப் பார்த்தேன். அதே எரிச்சல்தான். மீதி இருப்பது ரெண்டு. ஒன்று போர்பன், இன்னொன்று புகை விஸ்கி. மேனேஜர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சேசுவே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு குருட்டுப் போக்கில் அடித்துவிட்டேன்.

"இதுதான் புகை."

மச்சினன் சீட்டைப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான். "மாமா, நல்லாப் பாருங்க..." என்று இழுத்தான். தொலைந்தது என்று நினைத்தேன். தப்பு. முழுத் தப்பு. தாடிக்காரர் சொல்வார், மற்ற எதைத் தவறவிட்டாலும் புகையைத் தவறவிட முடியாது, குழந்தைகூடச் சொல்லிவிடும் என்று.

அப்போது மாமனார் என் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கி மோந்தார். "அட ஆமாடா! அடுப்புக் கரி வாசமே வருதே!"

மச்சினன் வாங்கி மோந்தான். அவன் முகம் மாறியது. சீட்டைப் பார்த்தான், டம்ளரைப் பார்த்தான், மறுபடியும் மோந்தான். "எனக்கும் வருது மாமா... நான் சீட்ட மாத்தி ஒட்டிட்டனா? சே! ஊத்தறப்ப கொழம்பிட்டேன் போல. நீங்க சொன்னதுதான் சரி!"

ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாளில் எனக்காக ஒரு அற்புதம் செய்துவிட்டார் என்றே நம்பினேன். அப்புறம் என் வாயை யார் பிடிப்பது? நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். "இது சாதாரணப் புகை இல்ல மாப்ள. ஈரமான கரிமண்ண மெதுவாப் பொகைய விடுவாங்க. கடல் காத்து அதுல கலக்கும். மொதல்ல லேசாத்தான் இருக்கும். நேரம் ஆக ஆகத்தான்..."

"நேரம் ஆக ஆக ஜாஸ்தியாவுது மாப்பிள்ளை!" என்றார் மாமனார்.

"காத்து பட்டா ஓப்பன் ஆகும்பா" என்றான் மச்சினன். மறுபடியும் மூக்கை விட்டு, "எவ்ளோ டெப்த்!" என்றான்.

டம்ளர் பெரிய மச்சான் கைக்குப் போனது. அவர் மோந்தார். தள்ளி வைத்து, மூச்சை விட்டு, மறுபடியும் மோந்தார். "எனக்கு ஒண்ணும் வரலையே. புகையெல்லாம் ஒண்ணும் இல்லையே இதுல."

"ஒனக்கு மூக்கடைச்சிருக்கா?" என்றார் மாமனார். "வூடு பூரா மணக்குது!"

பெரிய மச்சான் நாலாவது டம்ளரை எடுத்து மோந்தார். அதிலும் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார். மச்சினன் அதை வாங்கிக் குடித்தவுடன் புரைக்கேறிவிட்டது. "அண்ணா! இதுலதாண்ணா நெஜமான புகை! டிஞ்சர் மாதிரி அடிக்குது! அப்ப நான் ஊத்தினது சரிதான்... அப்ப மூணுல வர்றது..."

கேட் திறந்தது. "ஐயோ, கரியுதே!" என்று என் மனைவி அலறிக்கொண்டு ஓடி வந்தாள். "தெருமொனை வரைக்கும் அடிக்குதே வாசம்! வூட்டுக்குள்ளயே நாலு ஆம்பளைங்க உக்காந்திருக்கறீங்களே!"

அவள் என்னைத் தாண்டிப் பின்கதவைத் தள்ளினாள். புகை மூட்டமாக உள்ளே வந்தது. எனக்கும் அதற்கும் நடுவில் இருந்தது ஒரு ஒற்றைக் கதவு. கட்டையை இழுத்து, தணலைத் தள்ளி, தட்டைத் திறந்தபோது அண்டாவின் அடியில் ரெண்டு விரற்கடை தார் ரோடு. மேலே பாதி தேறியது. எல்லோரும் அதைத்தான் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது என்று யாரும் சொல்லவில்லை.

"நாங்க விஸ்கின்னு நெனச்சோம்க்கா" என்றான் மச்சினன். உண்மையைத்தான் சொன்னான். மாமனாரும் அதையே சொன்னார். நானும் அதையே சொன்னேன். அவள் என்னை மட்டும் பார்த்தாள். "கரியற சோத்துக்கும் சாராயத்துக்கும் வித்தியாசம் தெரியல. இந்த நாக்க வெச்சுக்கிட்டு ஊர் பூரா பீத்தல்" என்றாள். தண்டனையாக அண்டா தேய்க்கும் வேலை எனக்கு வந்தது.

பின்கட்டில் குந்தி உட்கார்ந்து சாம்பலும் தேங்காய் நாருமாகத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் கணக்குப் பிடிபட்டது. வூடே புகையில் மூழ்கியிருக்கிறது. மாமனாருக்கு வாசம் தெரிகிறது. மச்சினனுக்குத் தெரிகிறது. பெரிய மச்சான் மட்டும் ஒன்றுமில்லை என்கிறார். டிஞ்சர் விஸ்கியிலும் ஒன்றுமில்லை என்கிறார். அப்படியானால்... வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் குபீரென்று ஒரு சந்தோஷம் வந்தது. அவருக்கும் செத்துவிட்டது! என் குட்டு வெளிப்படவில்லை, அவர் குட்டுதான் வெளிப்பட்டது. எனக்குப் புகை தெரிந்ததாகவே எல்லோரும் நினைக்கிறார்கள். இனி யாரும் என்னை அசைக்க முடியாது. கரி பிடித்த கையோடு நான் தனியாகச் சிரித்தேன்.

பெரிய மச்சான் வந்து துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தார்.

"மாப்ள, ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்கு மூக்கு போயி நாலு வருஷம் ஆச்சு. அந்தக் காய்ச்சல்ல போனது, வரவேயில்ல. சொன்னா வேலை போயிடும்னு சொல்லல. ஸ்பூன எடுத்து சும்மா மோந்து பாக்கற மாதிரி நடிப்பேன். தாள்ல நீங்க நல்ல மணம்னு எழுதியிருந்தா கண்ண மூடிட்டுக் கையெழுத்து. ஒங்க மூக்கு ஒண்ணு இருக்குதுங்கற தைரியத்துலதான் இத்தன நாள் தூங்கறேன் மாப்ள. ஒங்களுக்குக் கோயில் கட்டணும்."

அவர் கண் கலங்கியிருந்தது. நான் அண்டாவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசாமல் தலையாட்டியிருந்தால் போதும். என் வேலை ரிடையர் ஆகும்வரை கல்லுமாதிரி நின்றிருக்கும். இன்னும் நன்றியோடு பார்த்துக்கொண்டிருப்பார். தலையாட்டத்தான் நினைத்தேன். ஆனால் அந்த மனுஷன் என்னை நம்பித் தூங்குகிறேன் என்கிறார். நான் யாரை நம்பித் தூங்குகிறேன் என்பது எனக்குத்தானே தெரியும்.

"மச்சான்" என்றேன். "எனக்கும் இல்லீங்க."

"என்னது?"

"மூக்கு. எனக்கும் அதே காய்ச்சல்தான். அந்த டம்ளர்ல எனக்குப் புகையும் தெரியல, மண்ணும் தெரியல. குருட்டாம்போக்குல சொன்னேன். நான் தப்பாச் சொன்னேன், பிரியாணி கரிஞ்சு என்னக் காப்பாத்திருச்சு."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். ரெண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். திடீரென்று அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"அப்ப நாலு சீசனா நம்ம கூழ எவந்தான் மாப்ள மோந்து பாக்கறான்?"

சொன்னேன்.

திங்கட்கிழமை சீக்கிரமே போய்விட்டேன். ராத்திரியே பெரிய மச்சானும் நானும் பேசி முடிவு செய்திருந்தோம். இந்த சீசனிலிருந்து மணம் பார்த்து எழுதுவதும் கையெழுத்துப் போடுவதும் எதிர் மேசைப் பெண். எனக்கு ஸ்டோர் ரூம். எனக்குக் கண் மங்கிவிட்டது, தாள் எழுத முடியவில்லை என்று மேலே இருப்பவர்களிடம் காரணம் சொல்லிக்கொள்ளலாம் என்றார் மச்சான். அவளிடமாவது பொய் சொல்லக் கூடாது என்று நான் நினைத்தேன். கோபப்படுவாள், அழுவாள், ஊரெல்லாம் சொல்லிவிடுவாள் என்று என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன்.

அவள் வந்து பையை மாட்டினாள். உட்காரச் சொன்னேன். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"தெரியும் சார்" என்றாள்.

"எப்பலருந்தும்மா?"

"ரெண்டாவது சீசன்லயே. ஒருநாள் வேணும்னே மூஞ்சிய ஒண்ணும் காட்டாம இருந்து பாத்தேன். கள்ளு மாதிரி நாறுது, நீங்க நல்ல மணம்னு எழுதிட்டீங்க. பெரிய சாரும் மோந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டாரு. அப்பறம் நான்தான் ஓடிப் போயி, சாம்பிள் மாறிடுச்சுன்னு சொல்லி டேங்க்க நிறுத்தினேன்."

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா ரெண்டு பேரும் போயிடுவீங்க. நீங்க திட்டாத ஆளு. புதுசா வர்றவரு எப்பிடியோ, யாருக்குத் தெரியும்?" என்று கிண்ணங்களைக் கழுவ எடுத்தாள். "அதனாலதான் சார் சீசன்ல நான் லீவே போடறதில்ல. நான் வராத அன்னிக்கு என்ன ஆவுமோன்னு பயம். போன வருஷம் எங்கப்பா செத்தப்ப அடக்கம் முடிஞ்ச மறுநாளே வந்துட்டேன்ல."

எனக்கு அந்த நாள் நினைவிருந்தது. கண்ணெல்லாம் வீங்கி வந்து உட்கார்ந்தவளை எழுந்து நிற்கச் சொல்லி, கடமை உணர்ச்சி என்றால் இதுதான் என்று பேசி, எல்லோரையும் அவளுக்குக் கைதட்டச் சொன்னவன் நான்.